ஏறும்போதே விழும் குட்டி விமானங்கள்: கண்ணால் கண்டதும் சில கேள்விகளும்

வேலந்தாவளம்_சுப்பு | திங்கள், இரவு 8.40

நேற்றுக் காலை ஏழரை மணி இருக்கும். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் மேட்டுக்காட்டில் எருமையை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துத் தனியார் மைதானத்திலிருந்து ஞாயிறுதோறும் கிளம்பும் இரட்டை இருக்கை அல்ட்ராலைட், அதாவது எடை மிகக் குறைந்த குட்டி விமானம், வழக்கம்போல் மேற்கு நோக்கி ஏறியது. புல் வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் வானத்தில் போவது போன்ற சத்தம். எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் நிமிர்ந்து பார்த்ததே சத்தம் நின்றதால்தான்.

மூன்று பனை உயரம். மூக்கு இன்னும் மேலே பார்த்தபடியே இருந்தது. இரண்டு மூன்று விநாடி அப்படியே தொங்கியது. பிறகு இடப்பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்கியது. பாதிகூடத் திரும்பவில்லை, இடது இறக்கை பிடி விட்டாற்போல் சரிந்து, தென்னந்தோப்பு ஓரத்து வரப்பில் வந்து விழுந்தது.

ஓடினோம். ஒரே பெட்ரோல் நெடி. பக்கத்து மரத்திலிருந்து இறங்கி வந்த கள் இறக்குபவர்தான் பாளை சீவும் கத்தியால் வாரை அறுத்து இருவரையும் வெளியே இழுத்தார். ஓட்டியவருக்குத் தொடை எலும்பு முறிவு, உடன் போனவருக்குக் கணுக்கால். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். கிளம்பியது அந்த மாநிலம், விழுந்தது இந்த மாநிலம் என்பதால் மகஜர் யார் எழுதுவது என்று பத்து மணி வரை பேச்சு நடந்தது, அது தனிக் கதை.

இன்ஜின் நின்றால் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதானே சொல்வார்கள்? அப்படியிருக்க, இந்தச் சின்ன விமானங்கள் ஏறும்போதே விழுகிற கதைதான் ஏன் அதிகம் காதுக்கு வருகிறது?

பனங்காட்டு_மெக்கானிக் | திங்கள், இரவு 9.15

சுப்பு அண்ணா, கேட்டவுடன் என் மனம் போனது பெட்ரோல் காக்குக்குத்தான், டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு.

பழைய ஸ்கூட்டரில் காக்கைத் திறக்க மறந்துவிட்டு உதைத்துப் பாருங்கள். வண்டி கிளம்பும். தெருமுனை வரை ஜம்மென்று ஓடும். கார்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் நின்றுவிடும். தெருமுனை என்றால் இறங்கிக் காக்கைத் திறந்து மறுபடி உதைக்கலாம். விமானத்திலும் அதே கிண்ணம்தான். ஸ்டார்ட் செய்து, மைதானத்தின் மூலைக்கு உருட்டிப்போய், முழு த்ராட்டில் கொடுத்து, தரையை விட்டுக் கிளம்பும் வரைக்கும் கிண்ணத்துப் பெட்ரோல் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. தரையிலேயே நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது; சரியாக ஆகாத இடத்தில் போய் நிற்கும்.

காக் இல்லையென்றால் பிஸ்டன். ரோட்டாக்ஸ் 582 போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜின், தண்ணீர் சுற்றிக் குளிர்விக்கும் வகை, சூடாவதற்கு முன் முழு த்ராட்டில் கொடுத்தால் பொறுக்காது. அலுமினிய பிஸ்டன் மளமளவென்று சூடாகி விரிந்துவிடும். சிலிண்டர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளி மறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும் வரை பொறுமையாகத் தரையில் ஓடவிட வேண்டும். அந்த ஐந்தாறு நிமிடம் உட்கார முடியாமல் கிளம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஆயில் கலப்பு. 50க்கு 1 என்றால் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. கேனை மாற்றி எடுத்து வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால் இன்ஜின் உடனே சொல்லாது. முழு வேகத்தில், ஏற்றத்தில்தான் சொல்லும்.

மீனாட்சிபுரம்_ராணி | திங்கள், இரவு 9.32

அண்ணா, இப்போது பங்க்கில் கிடைப்பதெல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தானே? அதனால் கோளாறு வராதா?

பனங்காட்டு_மெக்கானிக் | திங்கள், இரவு 9.50

வரும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். குழாய் எடுப்பது அடியிலிருந்துதான். ரோட்டாக்ஸ் 912 வரிசை இன்ஜின்களுக்கே 10 சதவீதம் வரைதான் அனுமதி.

வீட்டிலேயே பார்க்கலாம். கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் இல்லாவிட்டால் தண்ணீர் மட்டம் 10இலேயே நிற்கும். போன மாதம் நான் செய்தபோது 28க்கு ஏறி நின்றது. ஏறியதெல்லாம் எத்தனால்.

போதாக்குறைக்கு நம் பங்குனி வெயில். தார்பாய்க் கொட்டகையில் நிற்கும் விமானத்தின் பெட்ரோல் குழாய் இன்ஜினை ஒட்டிப் போகிறது என்றால் உள்ளேயே ஆவிக் குமிழி கட்டிக்கொள்ளும். ஒருமுறை பறந்து இறங்கி, பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு மறுபடி ஏறும்போது இந்தத் தொல்லை அதிகம்.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர் | திங்கள், இரவு 10.20

மெக்கானிக் தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் அது இன்ஜின் நின்றதற்குக் காரணம். விமானம் விழுந்ததற்குக் காரணம் வேறு. சுப்பு எழுதியதில் அது இருக்கிறது: "மூக்கு இன்னும் மேலே பார்த்தபடியே இருந்தது", "இடப்பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்கியது". இரண்டு வாக்கியமும் நான் முப்பது ஆண்டாகச் சொல்லித் தொண்டை வற்றியவை.

பெரிய விமானத்துக்கு எடை உண்டு. இன்ஜின் நின்றாலும் வேகம் மெல்லத்தான் குறையும். அல்ட்ராலைட் என்பது குழாயும் துணியும். எடை குறைவு, காற்றை எதிர்க்கும் உடம்பு அதிகம். ஏறும்போது மூக்கு மேலே, வேகம் குறைவு. இன்ஜின் நின்ற மாத்திரத்தில் ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்தாவிட்டால் இரண்டு மூன்று விநாடியில் பறக்கும் வேகமே போய்விடும். அந்த இரண்டு மூன்று விநாடியைத்தான் மனிதன் "என்ன ஆயிற்று?" என்று திகைப்பதில் செலவழிக்கிறான். ஹேங் கிளைடர் மாதிரி இறக்கைக்குக் கீழே தொங்கும் டிரைக் வகையில் கட்டையை நம் பக்கம் இழுத்தால்தான் மூக்கு தாழும். இரண்டு வகையும் ஓட்டிப் பழகியவருக்கு அவசரத்தில் கை மாறிப்போவதும் உண்டு.

சுப்பு, ஒன்று கேட்கிறேன். அவருக்கு நேர் எதிரே என்ன இருந்தது?

கொல்லங்கோடு_வாத்தியார் | செவ்வாய், காலை 6.05

முதலில் ஒரு திருத்தம், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் "இன்ஜின் ஸ்டால் ஆனது" என்று எழுதுகிறார்கள். விமான விஷயத்தில் ஸ்டால் ஆவது இன்ஜின் அல்ல, இறக்கை. காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடாமல் பிய்த்துக்கொண்டு போவதுதான் ஸ்டால். இன்ஜின் முழுமூச்சாக ஓடும்போதும் அது நடக்கும்.

இனிக் கணக்கு. நேராகப் பறக்கையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகிற விமானம் என்று வைத்துக்கொள்வோம். 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் அந்த வரம்பு 71க்கு ஏறும். 60 டிகிரி சாய்த்தால் 85. அவர் 80இல் திரும்பியிருந்தால் சாய்வு 56 டிகிரியை எட்டும்போதே கையிருப்பு பூஜ்யம். பதற்றத்தில் இருப்பவர் சாய்வுமானி பார்த்தா திருப்புவார்?

சாய்வு 45இலேயே நின்றது என்று தாராளமாக வைத்தாலும் திருப்பத்தின் ஆரம் 50 மீட்டர். அதாவது 180 டிகிரி திரும்பி முடிக்கும்போது ஓடுதளத்துக்கு நேராக வரமாட்டார், 100 மீட்டர் பக்கவாட்டில் இருப்பார். மறுபடி உள்ளே வளைந்து, மறுபடி நேராக்க வேண்டும். முதல் 180க்கு மட்டும் ஏழு விநாடி. சறுக்கு விகிதம் 7க்கு 1, அதாவது ஏழு மீட்டர் முன்னே போக ஒரு மீட்டர் இறங்கும் என்றால் அந்தச் சாய்வில் விநாடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் இறங்கும். ஏழு விநாடிக்கு 38 மீட்டர் போயிற்று. திகைத்த நேரம், மீதி வளைவு எல்லாம் சேர்த்தால் மூன்று பனை உயரம் போதாது. கை தேர்ந்தவருக்கே போதாது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எதிர்க்காற்றில் கிளம்புகிறோம். காற்று 20 என்றால் 80இல் பறப்பவரின் தரைவேகம் 60. திரும்பிவிட்டால் அதே காற்று முதுகில், தரைவேகம் 100. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்குப் பொருந்தும் என்பதால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. போதாததற்குத் தரை விர்ரென்று ஓடுவதைப் பார்த்து "வேகம் அதிகம்" என்று மயங்கி மூக்கைத் தூக்குவார். இறக்கைக்குத் தரைவேகம் தெரியாது, காற்று வேகம்தான் தெரியும்.

சித்தூர்ப்புழை | செவ்வாய், காலை 7.44

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997இல் இப்படித்தானே இறந்தார்? பெட்ரோல் வால்வு என்று படித்த நினைவு. அப்புறம், விமானத்துக்கே பாராசூட் வந்துவிட்டது என்கிறார்களே, அது இருந்தால் கவலை இல்லைதானே?

ஓய்வுபெற்ற_பயிற்றுநர் | செவ்வாய், காலை 8.30

டென்வர் ஓட்டியது லாங் ஈஸி என்ற, வீட்டில் கட்டும் வகை விமானம். அல்ட்ராலைட் அல்ல, விழுந்ததும் மேலெழும்பும்போது அல்ல. ஆனால் வால்வு என்றது சரி. டேங்க் மாற்றும் கைப்பிடி அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதற்காக உடம்பைத் திருப்பியபோது கால் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கும் என்றுதான் விசாரணையில் முடிவுக்கு வந்தார்கள்.

பாராசூட் நல்லதுதான். ராக்கெட் அதை இழுத்துப் போய் விரிய உயரம் வேண்டும், நேரம் வேண்டும். மூன்று பனை உயரத்தில் திருப்பத்தில் சரிகிறவருக்குக் கைப்பிடியைத் தேடவே நேரம் இராது. ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: விழுந்த விமானத்தில் அந்த ராக்கெட் வெடிக்காமல் உள்ளேயே இருக்கலாம். சிவப்புக் கைப்பிடி தெரிந்தால் தொடாதீர்கள், கம்பியை வெட்டாதீர்கள், அது பாயும் திசையில் நிற்காதீர்கள். அந்தக் கள் இறக்குபவர் வாரை மட்டும் அறுத்தது பெரிய காரியம்.

வண்டிப்பெரியாறு_எஸ்டேட் | செவ்வாய், பகல் 1.10

மலைக்காரன் ஒருவன் பேசலாமா? எங்கள் பக்கம் சத்திரம் என்ற ஊரில் என்.சி.சி. மாணவர்களுக்கென்று கட்டிய 650 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது. 2022இல் முதல் முயற்சிகளில் விமானம் இறங்கவில்லை. ஓடுதளத்தின் முனையில் இருந்த மண்மேடு தடை என்றார்கள். அந்த ஆண்டு மழையில் ஓடுதளத்தின் ஓரமே சரிந்தது. கடைசியில் டிசம்பர் 1ஆம் தேதி வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற குட்டி விமானம் இறங்கியது. எஸ்டேட்டில் பாதிப் பேர் அன்று வேலைக்குப் போகவில்லை, நானும்தான்.

அன்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் "இறங்கிவிட்டது, ஏறுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வாத்தியார் ஐயா, மலையில் ஏறுவது ஏன் கஷ்டம் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

கொல்லங்கோடு_வாத்தியார் | செவ்வாய், மாலை 5.25

பெரியவரின் கேள்விதான் சரியான கேள்வி. 1,000 மீட்டர் உயரத்தில் ஓர் இடம், வெப்பம் 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் இருக்க வேண்டியது 8.5 டிகிரி. மிச்ச வெப்பம் காற்றை இன்னும் மெலிதாக்குவதால் விமானத்தைப் பொறுத்தவரை அது 1,700 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. இன்ஜினுக்கு மூச்சு குறைவு, ப்ரொப்பெல்லருக்குப் பிடி குறைவு, இறக்கைக்குத் தாங்கல் குறைவு. மூன்றும் ஒரே நேரத்தில். உங்கள் ஊர்க் குளிரில் அது தெரியாது, அதுதான் ஆபத்து.

மீனாட்சிபுரம்_ராணி | செவ்வாய், மாலை 6.02

அப்படியென்றால் எங்கள் சமவெளியில் பயமில்லையா? விமானக் கையேட்டில் 150 மீட்டர் ஓடினால் போதும் என்று போட்டிருக்கும், இங்கே மைதானங்கள் 300, 400 மீட்டர் இருக்கின்றனவே.

ஓய்வுபெற்ற_பயிற்றுநர் | செவ்வாய், இரவு 9.40

ராணி, அந்த 150 மீட்டர், புது விமானம், அனுபவசாலி, சமமான தார்த்தரை, 15 டிகிரி வெப்பம், காற்றில்லாத நாள் என்று வைத்துக் கண்டது. பிரிட்டனின் விமானத் துறை சிறு விமானங்களுக்கென்று ஒரு பெருக்கல் முறை வைத்திருக்கிறது. எடை 10 சதவீதம் கூடினால் 1.2ஆல் பெருக்கு. காய்ந்த புல்தரைக்கு 1.2. நம் ஊர் 35 டிகிரிக்கு, பத்துக்கு ஒரு 1.1 வீதம் இரண்டு முறை. முதுகுக்காற்று, கிளம்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே 1.2. பெருக்கிப் பார்: 313 மீட்டர். பாதுகாப்புக்கென்று கடைசியில் 1.33 பெருக்கச் சொல்கிறார்கள்: 417. புல் நனைந்திருந்தால் இன்னும் கூடும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் அற்பம். பெருக்கும்போதுதான் வட்டிக்கு வட்டி மாதிரி ஏறும்.

நான் மாணவர்களுக்கு ஓடுதளத்தின் பாதியில் ஒரு வெள்ளைக் கல் நட்டு வைப்பேன். கல்லைக் கடக்கும்போது கிளம்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லையென்றால் த்ராட்டிலை மூடு, காரணம் பிறகு தேடலாம். மூடியவனை நான் ஒருநாளும் கேலி செய்தது கிடையாது. மூடாதவனை மைதானமே கேட்கும்படி திட்டியிருக்கிறேன்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து தள்ளும், மார்கழி, தையில் கிழக்கிலிருந்து தள்ளும். காலை எட்டு மணிக்கு முன் ஆள் நல்ல பிள்ளையாக இருப்பார். அதன் பிறகு தென்னைவரிசை எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அதன் மறைவுப் பக்கத்தில் காற்று அருவிபோல் கீழே விழும். மைதானத்தில் நிற்கும்போது இலைகூட அசையாது. மட்டை உயரத்தைத் தாண்டும் நேரத்தில் தலையில் குட்டும். முதுகுக்காற்றில் கிளம்பினால் இன்னும் மோசம்: மேலே போகப்போக முதுகுக்காற்று கூடும், அதே அளவுக்கு இறக்கைக்குக் கிடைக்கும் வேகம் குறையும்.

இன்ஜின் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே வரி: மூக்கைத் தாழ்த்து, நேராகப் போ, வேண்டுமானால் கொஞ்சம் இடம் வலம். நம் பக்கத்து நிலத்துக்கு மட்டும் இரண்டு சங்கதி. தண்ணீர் கட்டிய வயலில் சக்கரம் புதைந்து குப்புறக் கவிழ்க்கும், உழவு காய்ந்த காடு எவ்வளவோ மேல். வரப்புக்குக் குறுக்கே இறங்காதே, வரப்போடு இணையாக இறங்கு. பனை தவிர வேறு வழியே இல்லையென்றால் இரண்டு பனைக்கு நடுவே மூக்கை விடு, இறக்கைகளை மரத்துக்குக் கொடுத்துவிடு. இறக்கை பிய்ந்தால் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்.

சுப்பு, என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

பனங்காட்டு_மெக்கானிக் | செவ்வாய், இரவு 10.15

ஐயா சொன்னதைக் கேட்டபிறகு எனக்கும் ஒன்று சொல்லிவிடத் தோன்றுகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு மைதானத்தில் இரண்டு கார்பரேட்டர் கிண்ணங்களையும் கழுவி மாட்டினேன். காக்கை மூடித்தான் கழற்ற வேண்டும். மாட்டியபிறகு, சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபிறகு, மறுபடி மூடிவிட்டு வந்தேன். பத்திரம் என்று நினைத்துத்தான் மூடினேன். ஓட்டுபவரிடம் சொல்லவில்லை. அவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை இரண்டு பனை உயரத்தில் நின்றது. அவர் நேராகக் கொண்டுபோய் எதிரே இருந்த உழுத காட்டில் இறக்கினார். முன்சக்கரம் போயிற்று, ப்ரொப்பெல்லர் போயிற்று. முழங்கால் வரை செம்மண்ணோடு நடந்து வந்து என் எதிரே நின்றவர், கோபப்படுவார் என்று பார்த்தேன். விரலை மட்டும் காக்கைத் திருப்புகிற மாதிரி திருப்பிக் காட்டினார்.

அன்றிலிருந்து காக்கை மூடினால் இக்னிஷன் சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். வேண்டுகிறவர் கேட்டு வாங்கட்டும்.

நெறியாளர் | புதன், காலை 7.00

காயம்பட்டவர்களின் பெயர், மைதானத்தின் பெயர் கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, இப்படியே போகட்டும்.

வேலந்தாவளம்_சுப்பு | வியாழன், இரவு 9.05

ஐயா, பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் பார்க்காமல் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

இன்று மாலை அவர் பறந்த கோட்டிலேயே நடந்து பார்த்தேன். சத்தம் நின்ற இடத்துக்கு நேர் மேற்கே எங்கள் பங்காளி ஒருவரின் கடலைக்காடு. போன வாரம்தான் கடலை பிடுங்கினார்கள். தரை பொலபொலவென்று கிடக்கிறது. எட்டுப் போட்டு எண்ணினேன், முந்நூற்றுப் பத்து எட்டு. நடுவில் வரப்பு இல்லை, பனை இல்லை. மேற்கு ஓரத்தில் ஓர் ஆட்டுப்பட்டி, அவ்வளவுதான்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் இருவரையும் பார்த்தேன். காக் திறந்துதான் இருந்ததாம், தம்பி. இன்ஜினைக் கழற்றிப் பார்த்ததில் பின் சிலிண்டரில் பிஸ்டன் பிடித்திருந்தது என்றார் ஓட்டியவர். எவ்வளவு நேரம் தரையில் ஓடவிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கணுக்கால்காரர்தான் தானாகச் சொன்னார், அவர் மைதானத்துக்கு வந்து சேர்ந்ததே ஏழு இருபதுக்காம். எட்டு மணிக்குக் காற்று கிளம்பிவிடும் என்று அவசரமாக ஏறினார்களாம்.

கடலைக்காட்டைப் பற்றி ஓட்டியவரிடம் சொன்னேன். ஞாயிறுதோறும் அதன் மேலேதான் பறந்திருக்கிறார், அப்படி ஒரு காடு இருப்பது நினைவில்லை என்றார். ஏன் திரும்பினீர்கள் என்றதற்குக் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரன்வே பின்னால்தானே இருந்தது" என்றார்.